வெளியூர்ல வரிசை, குர்லாவுல முழங்கை: உங்க உடம்பும் இப்படித்தானா?

நெரூல்காரி:

வணக்கம் மும்பை மக்களே. கேள்வி சின்னது, முன்கதை பெருசு. டீ போட்டுட்டு உக்காருங்க.

நான் துணி ஏற்றுமதி பண்ற ஒரு கம்பெனில மெர்ச்சண்டைசர். வீடு நெரூல், ஆபீஸ் பரேல். தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ரயில்ல குர்லா, அங்க இறங்கி பாலம் ஏறி சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டி. வேலை விஷயமா அப்பப்ப வெளிநாடும் போவேன். டோக்கியோ, இஸ்தான்புல், கொழும்பு, இந்த மூணும்தான் அதிகம். போற இடத்துல கோபுரம், மியூசியம்னு சுத்த நேரம் கிடையாது. உண்மையச் சொன்னா ஆசையும் கிடையாது. சாம்பிள் பெட்டியத் தூக்கிக்கிட்டு காலை வேளையில ஆபீஸ் போற ஜனத்தோட ஒட்டிக்கிட்டுப் போறதுதான் எனக்கு ஊர் பாக்கறது. அதனால ஒரு ஊர் கூட்டத்துல எப்படி நிக்குதுங்கறத மட்டும் நல்லாப் பாத்து வச்சிருக்கேன். மத்தபடி ‘அங்க என்ன பாத்தே’ன்னு அத்தை கேட்டா முழிப்பேன்.

டோக்கியோல ஷிஞ்ஜுகு. உலகத்துலயே அதிகம் பேர் வந்து போற ஸ்டேஷன்னு கின்னஸ்ல பேர் வாங்கினது. காலை எட்டு மணிக்கு அங்க போய் நின்னா எனக்கென்ன பயம், குர்லா பாத்த கண்ணுதானே? ஆனா கொஞ்ச நேரத்துல வேற ஒண்ணு உறைச்சுது. அவ்வளவு ஜனம், பேச்சுச் சத்தமே இல்லை. பிளாட்பாரத்துல கோடு போட்டிருக்கு, கோட்டுக்குள்ள நிக்கறாங்க. அடுத்த வண்டிக்கு ஒரு வரிசை, அதுக்கடுத்த வண்டிக்குப் பக்கத்துலயே இன்னொரு வரிசை. வண்டி போனதும் ரெண்டாவது வரிசை அப்படியே நகர்ந்து முதல் வரிசை இடத்துக்கு வருது. யாரும் சொல்லல, யாரும் விசில் ஊதல.

இதுகூடப் பரவால்ல. கதவோரம் நிக்கறவங்க இருக்காங்க பாருங்க, அது அவங்க இறங்கற ஸ்டேஷனா இல்லைன்னாலும் வெளிய இறங்கி ஓரமா ஒதுங்கி நிக்கறாங்க. உள்ள இருந்து இறங்க வேண்டியவங்க எல்லாம் இறங்கினப்புறம் இவங்க திரும்ப ஏறிக்கறாங்க. அவங்க இடம் அவங்களுக்கு அப்படியே இருக்கு! நம்ம ஊர்ல தாதர்ல இறங்க வேண்டியது இல்லைன்னா கதவுகிட்ட நிக்கவே கூடாதுன்னு எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்திருக்காங்க. நின்னா கூட்டமே தூக்கிட்டுப் போய் தாதர் பாலத்துல விட்டுட்டு வரும்.

ஒரே ஒரு விஷயத்துல சொந்த ஊர் மாதிரி இருந்துச்சு. ஏறும்போது முதுகுப்பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கறாங்க. நாமளும் அப்படித்தானே, என்ன, நமக்கு அது பர்ஸைக் காப்பாத்த, அவங்களுக்குப் பின்னாடி நிக்கறவர் மேல இடிக்காம இருக்க. அப்புறம் வண்டி லேட்டானா ‘லேட்டாச்சு’ன்னு ஸ்டேஷன்ல ஒரு சீட்டு தராங்க, ஆபீஸ்ல காட்டறதுக்கு. ஜூலைல தண்டவாளத்துல முழங்கால் தண்ணி நிக்கற அன்னிக்கு எனக்கும் ஒண்ணு இருந்தா தேவலை.

இஸ்தான்புல் நேர் எதிர். அங்க மெட்ரோபஸ்னு ஒண்ணு, நெடுஞ்சாலைக்கு நடுவுல தனி வழியில ஓடுது, 2007லேர்ந்து. துருக்கில வண்டியெல்லாம் வலதுபக்கம் போகும், இது மட்டும் இடதுபக்கம் போகும். பிளாட்பாரம் நடுவுல இருக்கு, பஸ்ஸுக்குக் கதவு வலதுபக்கம், அதனால வழியையே மாத்திட்டாங்க. சாயங்காலம் ஜின்ஜிர்லிக்குயு ஸ்டாப்புல போய் நின்னேன், அடடா, சொந்தபந்தத்தப் பாத்த மாதிரி இருந்துச்சு. முழங்கை, தோள், ‘உள்ள போங்க, உள்ள போங்க’ன்னு பின்னாடியிருந்து சத்தம், எல்லாம் உண்டு. ஆனா உள்ள ஏறினதும் ஒரு காலேஜ் பையன் என்னைப் பாத்து படக்குன்னு எழுந்து நின்னான். தலைமுடிக்கு டை அடிக்காததோட பலன். நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல அவன் நகர்ந்து போயிட்டான், சீட்டு காலியாவே நின்னுச்சு, சுத்தி நிக்கறவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. உக்காந்தேன். அங்க படகுலயும் பாத்திருக்கேன், காதிக்கோய்ல படகு கரைய ஒட்டினதும், கயிறு கட்டறதுக்குள்ள ஆளுங்க குதிச்சு இறங்கிப் போறாங்க. ஓடற வண்டிலேர்ந்து இறங்கற நம்ம ஆளுங்கள அங்க கொண்டு விட்டா ஒரே நாள்ல ஒட்டிக்குவாங்க.

கொழும்புல கோட்டை ஸ்டேஷன்லேர்ந்து வெள்ளவத்தைக்குப் போற வண்டி. ஒரு பக்கம் கடல், அலை அடிச்சா ஜன்னல்ல தெறிக்குமோன்னு இருக்கும். கதவு திறந்தே கிடக்கும், ஆளுங்க தொங்கிக்கிட்டு வருவாங்க. போர்டுல கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைன்னு தமிழ்லயும் எழுதியிருக்கு. மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ்னே பாத்து வளந்தவளுக்கு ஸ்டேஷன் போர்டைத் தமிழ்ல படிக்கறது தனி சுகம். ரெண்டு தடவை படிப்பேன்.

இப்ப கேள்வி. டோக்கியோல நான் பூனை மாதிரி கோட்டுக்குள்ள நிக்கறேன். யாரும் சொல்லாமலே செல்ஃபோன அமுக்கி வைக்கறேன். இஸ்தான்புல்ல இடிக்கறேன், என்னை விட வயசானவங்க ஏறினா எழுந்துக்கறேன். திரும்பி வந்து குர்லா பாலத்துல கால் வச்சதும் முழங்கை தானா வெளிய வருது, நான் கூப்பிடறதே இல்லை. மூளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கு. உங்களுக்கும் இப்படித்தானா? போன ஊர்ப் பழக்கம் எதாவது திரும்பி வந்தப்புறமும் உடம்புல ஒட்டிக்கிட்டு நின்னிருக்கா? இல்ல, இது ஊர் பாக்காம ரயில் மட்டும் பாக்கற என் ஒருத்தி பிரச்சினையா?

---

பழைய மோட்டார்மேன், கல்யாண்:

அம்மா, நீங்கள் கூட்டத்தைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்திருக்கிறீர்கள். நான் லோக்கல் ரயில் ஓட்டி வேலையில் இருந்த காலம் முழுவதும் அதை முன்னால் கண்ணாடி வழியாகப் பார்த்தவன். எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. பழக்கம், பண்பாடு என்று பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போகும். கதவைப் பாருங்கள், போதும்.

நாங்களும் குறி வைத்த இடத்தில்தான் நிறுத்துகிறோம். 9 பெட்டி, 12 பெட்டி, 15 பெட்டி என்று தனித்தனி போர்டு இருக்கிறது, அதைத் தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி, எங்கே நிற்கும் என்று உங்களுக்கு அடி பிசகாமல் தெரிகிறது அல்லவா, அது அதனால்தான். ஆகவே டோக்கியோவின் கோட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே வண்டி நிற்கும் வரை கதவு மூடியிருக்கிறது. முன்னால் ஓடிப் பாய்ந்தவனுக்கு ஒரு லாபமும் இல்லை. இங்கே கதவு திறந்தே வருகிறது. வண்டி நிற்பதற்கு நாலு நொடி முன்னால் தொற்றிக்கொள்பவனுக்கு ஜன்னல் சீட்டு. நின்றபின் நிதானமாக ஏறுபவனுக்கு அடுத்தவர் அக்குள். ஸ்டேஷனில் நிற்பதே முப்பது நொடிக்குள். எந்த ஊர்க்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஒரே மாதத்தில் பாய்வான்.

சந்தேகம் இருந்தால் காட்கோபரில் போய்ப் பாருங்கள். கீழே லோக்கல், மேலே 2014இல் வந்த மெட்ரோ. லோக்கலில் இருந்து குதித்து இறங்கிய அதே ஆள் மாடிப்படி ஏறி மேலே போய் அம்புக்குறி பார்த்து வரிசையில் நிற்கிறான். படிக்கட்டிலேயே அவனுக்கு ஜப்பான் பண்பாடு வந்துவிட்டதா?

எங்கள் இலாகாவில் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதற்குத் தனிப் பெயரே உண்டு, ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’ என்று. ஒரு சதுர மீட்டர் என்பது நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி. அந்த நெருக்கத்தில் மரியாதை காட்டக் கையை அசைக்க முடியாது. 2025 ஜூனில் மும்ப்ரா வளைவில் கதவோரம் நின்றவர்கள் விழுந்து இறந்தபோதுதான் எல்லோரும் கதவைப் பற்றிப் பேசினார்கள். நாங்கள் கேபினில் உட்கார்ந்து அதை முன்பே பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

லண்டனில் மகள் வீட்டுக்குப் போனபோது விக்டோரியா லைனில் போவதும் வருவதுமாகவே இருந்தேன். அரண்மனை பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்றாள், நீங்கள் போய் வாருங்கள் என்றுவிட்டேன். உச்ச நேரத்தில் மணிக்கு 36 வண்டி. அதாவது நூறு நொடிக்கு ஒன்று. 1968இல் திறந்தபோதே தானாக ஓடும் வண்டி அது. ஓட்டுநர் கதவை மூடிப் பொத்தானை அமுக்கினால் மீதியை வண்டியே பார்த்துக்கொள்கிறது. நூறு நொடியில் அடுத்தது வரும் என்று தெரிந்தால் எவன் பாய்வான்?

ஆனால் என் கட்சிக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எஸ்கலேட்டரில் வலதுபக்கம் நிற்பார்கள், இடதுபக்கம் நடப்பவர்களுக்கு. ஹோல்பர்ன் ஸ்டேஷனில் 2015இல் சோதனை செய்து பார்த்தார்கள், இரண்டு பக்கமும் நின்றால் கூட்ட நேரத்தில் அதிகம் பேர் மேலே போகிறார்கள் என்று தெரிந்தது. இருந்தும் ஜனங்கள் பழைய மாதிரிதான் நிற்கிறார்கள். இதற்குக் கதவைக் காரணம் சொல்ல முடியவில்லை.

நீங்கள் போகும் ஹார்பர் லைனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நாட்டிலேயே முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3இல் வி.டி.யில் (இப்போதைய சிஎஸ்எம்டி) இருந்து குர்லாவுக்கு அந்த வழியாகத்தான் ஓடியது. அதே ஆண்டில்தான் டோக்கியோவில் யமனோத்தே லைன் முழு வட்டமானது. கொழும்பில் நீங்கள் ஏறிய வண்டி ஓடும் பாதையும் நம்முடையதே, 5 அடி 6 அங்குலம். டோக்கியோவின் ஜே.ஆர். ரயில் பாதை 1067 மில்லிமீட்டர், நம் பழைய மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம்தான் அகலம். அந்தச் சின்னப் பாதையில் அவ்வளவு கூட்டத்தை ஓட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான்.

---

கோலிவாடா கப்பல்:

அக்கா, நான் கன்டெய்னர் கப்பல்ல செகண்ட் இன்ஜினியர். பாஸ்போர்ட்ட விரிச்சா உலக மேப் மாதிரி இருக்கும். ஆனா பாத்த ஊர் எல்லாம் துறைமுக கேட்டு வரைக்கும்தான். முன்னாடி காலத்துல கப்பல் ஒரு வாரம் நிக்கும், ஊர் சுத்துவாங்கன்னு பெருசுங்க கதை சொல்லுவாங்க. இப்ப சில மணி நேரத்துல சரக்கு இறக்கி ஏத்தி அனுப்பிடறாங்க, அந்த நேரத்துலதான் எனக்கு இன்ஜின் ரூம்ல வேலை குவியும்.

நீங்க கூட்டத்தப் பத்திக் கேக்கறீங்க, நான் கூட்டமே இல்லாத இடத்தச் சொல்றேன். ராட்டர்டாம்ல மாஸ்ஃப்ளாக்டேன்னு ஒரு இடம், கடலைத் தூர்த்து எடுத்த நிலம், ஊரு எங்கயோ தள்ளி இருக்கு. அங்க கன்டெய்னர் தூக்கிட்டுப் போற வண்டில டிரைவர் கிடையாது. தானா வருது, தானா நிக்குது, இன்னொரு வண்டிக்கு வழி விடுது. டெக்ல நின்னு ரொம்ப நேரம் பாத்திருக்கேன். வரிசைன்னா அதான் வரிசை, ஒரு இஞ்ச் பிசகாது. ஆனா கைய ஆட்டறதுக்கு ஒரு ஆள் இல்ல.

2020ல கொரோனாவுல எந்த நாடும் ஆள் மாத்த விடல, எங்கள மாதிரி லட்சக்கணக்கான பேர் ஒப்பந்தம் முடிஞ்சும் கப்பல்லயே கிடந்தோம். சிங்கப்பூர் வெளிய நங்கூரம் போட்டிருந்தப்ப ராத்திரி முழுக்க ஊர் வெளிச்சம் தெரியும். மெஸ்ல தினமும் அதே முகம். யாரு எப்படி மெல்லுவான், யாரு உறிஞ்சுவான்னு அத்துப்படி.

கடைசில மும்பை வந்து இறங்கின அன்னிக்கு லோக்கல்ல பொதுஜனம் ஏற அனுமதி இல்ல. அது திறந்து விட்டப்புறம் ஒருநாள் வேலைவெட்டி இல்லாம ஜிடிபி நகர்லேர்ந்து வாஷி வரைக்கும் பீக் டைம்ல போயிட்டு வந்தேன். மூஞ்சில ஒருத்தர் முதுகு, கால்மேல ஒருத்தர் கால். அம்மாகிட்ட சொன்னா ‘பைத்தியமாடா’ன்னாங்க. அதனால ‘ஒட்டிக்கிட்டது என்ன’ன்னு கேட்டா, எனக்கு எதிர்ப்பக்கம். வெளியூர்ல இருந்து ஒண்ணும் ஒட்டல. இங்க இருந்து ஒட்டினதுதான் அங்க போய் அரிக்குது.

---

தாராவி லெதர் பாய்:

அக்கா, மோட்டார்மேன் ஐயா சொல்லுதது பாதி சரி, மீதிப் பாதிக்கு நான் குவாங்சோவைக் காட்டுதேன்.

வாப்பா மேலப்பாளையத்துலேர்ந்து வந்தவங்க, நான் 90 அடி ரோட்டுக்காரன். பை, பர்ஸ், பெல்ட் தச்சு விக்கோம். பக்கிள், ஜிப்பு, சக்கரம் இதெல்லாம் பாக்க குவாங்சோ போவேன், சன்யுவான்லி பக்கம் பை சாமானுக்குன்னே கட்டடம் கட்டடமா கடைதான். அங்க மெட்ரோவுல எல்லாம் இருக்கு ஐயா. கண்ணாடிக் கதவு இருக்கு, வண்டி நின்னாத்தான் தொறக்கும். தரையில அம்பு இருக்கு, நடுவுல இறங்கு, ரெண்டு ஓரமும் ஏறுன்னு. வண்டியும் சட்டு சட்டுன்னு வருது. ஆனா தீயூ சீலூ ஸ்டேஷன்ல சாயங்காலம் மூணாம் லைனுக்குப் போய் நின்னு பாருங்க. ஸ்பீக்கர வச்சிக்கிட்டு ஆளுங்க கத்திக்கிட்டே இருக்கான், கம்பி கட்டி வளைச்சு வளைச்சு நடக்க விடுதான், கதவு தொறந்ததும் இறங்குதவன் இறங்குததுக்குள்ள ஏறுதவன் உள்ள போயிடுதான். அம்பாவது ஒண்ணாவது! சாம்பிள் மூட்டையோட ஒரு தடவை நான் இறங்க வேண்டிய இடத்துல இறங்கவே முடியல. நான் தாராவில பொறந்தவன்னு சொல்லிக்கிட எனக்கே வெக்கமாப் போச்சு.

இதுல ஆச்சரியம் என்னன்னா, வெள்ளிக்கிழமை. குவாங்சோ ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல அபூ வக்காஸ் பள்ளிவாசல்னு பழைய பள்ளி, தோட்டம், மரமெல்லாம் இருக்கும். ஜும்ஆவுக்கு உலகமே வந்து நிக்கும். ஆப்பிரிக்கா வியாபாரி, அரபுக்காரன், பாகிஸ்தான்காரன், உள்ளூர் சீனாக்காரன். வாசல்ல ரொட்டி, ஆட்டுக்கறி சுட்டு வித்துக்கிட்டு இருப்பாங்க, அங்க தள்ளுமுள்ளு உண்டு. உள்ள இடம் பத்தாம தோட்டத்துல, நடைபாதையில எல்லாம் விரிச்சு நிப்பாங்க. தொழுகை ஆரம்பிக்கப் போகுதுன்னு இகாமத் சொன்னதும் தோளோட தோள் ஒட்டி ஸஃப்பு, அதான் தொழுகை வரிசை, நேராயிடும். கோடு போடல, அம்பு போடல. எனக்குப் பக்கத்துல நின்னவர் என் இடுப்பு உசரம் கூட இல்லாத அவரு பேரப்புள்ளையை நடுவுல நிறுத்தினாரு, நாங்க ரெண்டு பேரும் ஒரு சாண் நகந்தோம், வரிசை பூரா ஒரு சாண் நகந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் மெட்ரோவுல என் விலாவுல இடிச்சவனும் அதுல இருந்திருப்பான்.

அதனால கதவு மட்டும் இல்ல ஐயா. எதுக்காக நிக்கோம்னு இருக்கு.

---

சயான் சந்தேகி:

எல்லாரும் பிளைட் ஏறி வரிசை பாத்துட்டு வந்திருக்கீங்க. வரிசை பாக்க பாஸ்போர்ட் எதுக்கு? நம்ம பெஸ்ட் டவுன் பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. சென்னையில இருந்து வந்த என் மச்சான் முதல் நாள் ஸ்டாப்புல வரிசையப் பாத்துட்டு ரேஷன் கடைன்னு நினைச்சான்.

---

நெரூல்காரி:

சயான்காரரே, உங்க மச்சானுக்கு என் வணக்கம். ஆனா நான் கேக்கறதும் அதான். அதே ஆள் பஸ்ஸுக்கு வரிசையில நிக்கறார், ரயிலுக்குப் பாயறார்.

மோட்டார்மேன் சார், கதவு விஷயம் சரி, காட்கோபர் உதாரணத்துக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா உங்க கேபின்லேர்ந்து லேடீஸ் டப்பா உள்ள நடக்கறது தெரிஞ்சிருக்காது. அதைச் சொல்லியே ஆகணும்.

பன்வேல்லேர்ந்து வர்ற வண்டி நெரூல் வரும்போதே சீட்டெல்லாம் ரொம்பியிருக்கும். ஏறினதும் நாங்க முதல்ல பண்றது, உக்காந்திருக்கறவங்ககிட்ட ஒவ்வொருத்தரா ‘கஹாங் உதர்னா ஹை?’, எங்க இறங்கணும்னு கேக்கறது. ஒருத்தி மான்குர்ட்ம்பா, ஒருத்தி சிஎஸ்எம்டிம்பா. மான்குர்ட்காரி சீட்டு அந்த நிமிஷத்துலேர்ந்து எனக்கு. நான் அவ முன்னாடி நிக்கணும்னுகூட இல்லை, கூட்டம் என்னை நாலு வரிசை தள்ளிட்டாலும் சீட்டு எனக்குத்தான். ஜுயிநகர்ல ஏறினவ வந்து கேட்டா மான்குர்ட்காரியே ‘ஹோ கயா, ஆள் ஆயாச்சு, அந்த நீலச் சுடிதார்’னு என்னைக் காட்டிடுவா. வேணும்னா எனக்கப்புறம் குர்லாவுலேர்ந்து அந்த சீட்டு அவளுக்கு. ஒரே சீட்டுக்கு மூணு ஸ்டேஷன் வரைக்கும் வாரிசு ரெடியா இருக்கும். வயித்தத் தள்ளிக்கிட்டு ஒருத்தி ஏறினா பட்டியல் முழுக்க ஒரு படி கீழ இறங்கும், யாரும் முணுமுணுக்க மாட்டாங்க. மூணு பேர் சீட்டுல ‘ஃபோர்த் சீட்’ தனி. அது பாதி உடம்பு வெளியில தொங்கற இடம், அதுக்கும் முன்பதிவு உண்டு. சண்டை வரும், வராம என்ன. வந்தா ‘யார் முதல்ல கேட்டது’ங்கறதுல மட்டும்தான் வரும், முறையே தப்புன்னு எவளும் சொல்லி நான் கேட்டதில்லை.

டோக்கியோக்காரி ஒருத்தி, எங்க கம்பெனில துணி வாங்கற பையர், இங்க வந்தப்ப ஆசைப்பட்டான்னு காலையில கூட்டிட்டுப் போனேன். ஏறும்போது அவ கண்ணை மூடிக்கிட்டா. உள்ள போனதும் இதை விளக்கினேன். ‘எழுதி வைக்க மாட்டீங்களா? மறந்துட்டா?’ன்னு கேட்டா. மான்குர்ட்ல அவளை உக்கார வச்சோம், வாஷி பாலம் தாண்டினதுலேர்ந்து அவளுக்காக ஒரு மீன்காரம்மா அந்த இடத்தைக் காவல் காத்துக்கிட்டு நின்னாங்க.

தாராவி பாய் தம்பி, உங்க ஸஃப்பு கதையப் படிச்சதும் எனக்கு இதான் ஞாபகம் வந்துச்சு. கோடு, அம்பு, கதவு எதுவும் இல்லாம நிக்கற வரிசை எங்க டப்பாவுலயும் ஒண்ணு இருக்கு. ஏறற முப்பது நொடி ஒரு சட்டம், ஏறினப்புறம் இன்னொரு சட்டம்.

ஒண்ணு மட்டும் விளையாட்டுப் பேச்சு இல்லை. 2017 செப்டம்பர் 29 காலையில எல்ஃபின்ஸ்டன் ஸ்டேஷன் நடைபாலத்துல நெரிசல்ல இருபதுக்கும் மேல உயிர் போச்சு. மழைக்கு ஒதுங்கி நின்ன ஜனம். அது நான் தினம் போற வழி. அதுலேர்ந்து மழை ஆரம்பிச்சா படி ஏறாம கீழயே ஓரமா நின்னுடுவேன், எத்தனை லேட்டானாலும். போன தடவை ஷிஞ்ஜுகுல மழை, படிக்கட்டுல கூட்டம், அங்கயும் அப்படியே நின்னுட்டேன். கூட வந்த பொண்ணு எதுக்கு நிக்கறீங்கன்னு கேட்டா, ஷூ லேஸ்னு சொல்லிச் சமாளிச்சேன். நான் போட்டிருந்தது செருப்பு.

---

பழைய மோட்டார்மேன், கல்யாண்:

நீலச் சுடிதார் வாரிசுரிமை எனக்குத் தெரியாதது. வீட்டில் கேட்டேன். ‘இத்தனை வருஷம் வண்டி ஓட்டி இதுகூடத் தெரியாதா’ என்கிறாள். தோம்பிவிலி லேடீஸ் ஸ்பெஷலில் இன்னும் கடுமையாம், தினம் ஏறும் கூட்டத்துக்குள் வாரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்வார்களாம். ஆனால் கதவு மூடும் வண்டி எல்லாத் தடத்திலும் வரட்டும், அப்போது ஏறும் சட்டமும் தானாக மாறும். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மழைக்குக் கீழேயே நிற்பது சரியான வேலை, அதை மாற்ற வேண்டாம்.

---

தாராவி லெதர் பாய்:

அக்கா, தலைப்பை விட்டு ஒரு கேள்வி. இஸ்தான்புல்ல தோல் சாமான் பாக்கணும்னா எந்தப் பக்கம் போகணும்? அடுத்த சீசனுக்கு ஒரு எட்டு போலாம்னு மச்சான் சொல்லுதான். மூட்டையோட மெட்ரோபஸ் ஏறலாமா?

---

நெரூல்காரி:

மூட்டையோட மெட்ரோபஸ் வேண்டவே வேண்டாம், அதுவும் சாயங்காலம்.

ஸெய்தின்புர்னு பக்கம் போங்க. டிராம் டி1 அங்க போகுது, சுல்தானாமெத் பக்கம் தங்கினா நேரா ஏறிக்கலாம். அதுக்குப் பக்கத்துல கஸ்லிசெஷ்மேன்னு ஒரு இடம், ஒட்டோமான் காலத்துலேர்ந்து தோல் பதனிடற இடமா இருந்தது. தொண்ணூறுகள்ல பட்டறையெல்லாம் ஊருக்கு வெளிய தூஸ்லாவுக்கு மாத்திட்டாங்க, கடையும் தையலும் மட்டும் இந்தப் பக்கமே நின்னுடுச்சு. பாந்த்ரா கசாப்புக்கூடம் தேவ்னாருக்குப் போனப்புறமும் உங்க 90 அடி ரோட்டுல கடை நிக்குதே, அந்தக் கதைதான். கஸ்லிசெஷ்மேல இப்ப மர்மராய் ஸ்டேஷன் இருக்கு, 2013ல திறந்தது, கடலுக்கு அடியில போய் ஆசியாக் கரைல ஏறும். தூஸ்லா பட்டறையையே பாக்கணும்னா அந்த லைன்லயே போகலாம், தூரம் அதிகம், காலையிலயே கிளம்பிடுங்க.

இறங்கினதும் இஸ்தான்புல் கார்டு ஒண்ணு வாங்கிப் பணம் போட்டுக்கங்க. ஒரே கார்டுல ரெண்டு பேரும் தட்டிக்கலாம்னு போன முறை இருந்துச்சு, மாறியிருக்கான்னு கவுண்டர்ல கேட்டுக்கங்க. கடையில டீ கொடுத்தா குடிங்க, குடிச்சா வாங்கித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்லை, நம்ம ஆளுங்க இதுக்கே பயந்து வெளிய வந்துடறாங்க. பக்கிள் சைஸெல்லாம் மில்லிமீட்டர்ல எழுதிக்கிட்டுப் போங்க, இஞ்சுக் கணக்கு அங்க எடுபடாது. ஆகஸ்ட்ல போகாதீங்க, பாதிப் பேர் லீவுல ஊருக்குப் போயிருப்பாங்க.